மைனர் கிட்டா, மேஜர் கிட்டா? பத்மினி கார்புரேட்டரை வீட்டில் பிரித்த அனுபவம்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதைப் பழுதுபார்க்கும் உதிரிச் சாமான் பெட்டியான கிட்டைக் கேட்டுக் கடைக்குப் போனால் கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் கேட்பது, "மைனரா, மேஜரா?" என்பதுதான். மைனர் என்றால் கசிவை அடைக்கும் பேக்கிங், வாஷர், பெரும்பாலும் ஒரு பம்ப் டயாப்ரம் (ஆக்சிலேட்டரை மிதித்ததும் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு). மேஜர் என்றால் அதோடு பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் நீடில் வால்வு, பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள ஜெட்டுகள், சில பெட்டிகளில் ஸ்பிரிங்கும் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவும். எப்படியும் பிரிக்கப் போகிறோம், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டால் நிம்மதி என்று யாருக்கும் மேஜர் கிட் பக்கம்தான் கை போகும். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். ரப்பரையும் பேப்பரையும் தாராளமாக மாற்றுங்கள். பழைய பித்தளை ஜெட்டுகளை மட்டும் லேசில் தூக்கிப் போடாதீர்கள்.

என்னிடம் இருப்பது 1988 மாடல் பிரீமியர் பத்மினி கார். 1089 சி.சி. எஞ்சின், அதன் மேல் சோலெக்ஸ் எம் 32 பி.பி.ஐ.சி. கார்புரேட்டர். அந்த 32 என்பது, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் வாயின் விட்டம், மில்லிமீட்டரில். ஒற்றை வாய்க் கார்புரேட்டர் என்பதால் முதல்முறை பிரித்துப் பார்ப்பவருக்கு இதைவிடச் சாதுவான உருப்படி கிடைக்காது.

வண்டியில் மூன்று கோளாறுகள் இருந்தன. சூடானபின் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டு அப்புறம்தான் கிளம்பும். நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். மூன்றையும் சேர்த்து 'கார்புரேட்டர் போச்சு' என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்றும் கைகாட்டுவது மூன்று வேறு இடங்களை. ஸ்லோவில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) நிற்காதது ஸ்லோ ஜெட் அடைப்பாகவோ, எங்கோ காற்று இழுப்பதாகவோ இருக்கும். மிதித்ததும் திணறுவது பம்ப் டயாப்ரம். வாடை அடிப்பது நீடில் வால்வு அல்லது ஃப்ளோட் (கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் மிதவை). இப்படிப் பிரித்து எழுதி வைத்துக்கொண்டால் கடையில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியும்.

கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்னால் கரன்ட் பக்கத்தை முடித்துவிடுவது நல்லது. பிளக்குக்குப் பொறி தரும் பாயிண்ட் கருகியிருந்தாலும், அதோடு சேர்ந்த கன்டென்சர் பலவீனமாக இருந்தாலும், வண்டி கார்புரேட்டர் கோளாறு மாதிரியேதான் நடிக்கும். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க நிறைய நேரம் ஆகாது. டேங்கில் துரு இருக்கிறதா என்பதும் முக்கியம். துரு வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு அருமையாகக் கழுவி மாட்டினாலும் பழைய கதைதான். மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரத்தையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, கடைக்குப் போவோம். சென்னையில் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு இறங்கியது. டாக்ஸிக்காரர்கள் இருந்தவரை தினமும் விற்ற சாமான்கள் இப்போது யாராவது கேட்டு வந்தால் மட்டும் பரண் மேலிருந்து இறங்குகின்றன. அதனால் கடையில் கிடைக்கும் கிட் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த பழைய சரக்கு. அதில் பித்தளைச் சாமான் நன்றாக இருக்கும், ரப்பர் விறைத்துப் போயிருக்கும். இன்னொன்று, சமீபத்தில் யாரோ அடித்து விற்கும் சரக்கு. அதில் ரப்பர் புதுசு, ஜெட்டின் ஓட்டை மட்டும் கடவுளுக்கே வெளிச்சம்.

கேட்கும்போது 'பத்மினி கார்புரேட்டர் கிட்' என்று மட்டும் கேட்டால் போதாது. இதே எம் 32 பி.பி.ஐ.சி. ஜீப்புக்கும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே வென்சுரியும் (காற்று வேகமெடுக்கும் குறுகிய கழுத்து) ஜெட்டும் வேறு. கார்புரேட்டர் உடம்பில் அடித்திருக்கும் எழுத்தையும், கழற்றிய ஜெட்டுகளின் எண்களையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். சோலெக்ஸ் ஜெட்டில் இருக்கும் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்று இருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். மாருதி 800 வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் இருப்பது மிகுனி கார்புரேட்டர். சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985இல் தொடங்கிய யூகால் நிறுவனத்தில் தயாரானது. மிகுனியின் எண் முறை தனி.

புதிய ஜெட்டை ஏன் நம்பமாட்டேன் என்கிறேன்? பித்தளை ஜெட்டுக்குள் ஓடுவது பெட்ரோல் மட்டும்தான். யாரும் கம்பி விட்டுக் குடையாத வரை அது பெரிதாகத் தேயாது. 120 ஜெட் 125 ஆகிவிட்டால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடுகிறது. 0.05 மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் மைலேஜில் தெரியும். அந்த நுணுக்கத்துக்குத் துளையிட்டு, ஓட்டத்தைச் சோதித்து அடித்த எண் பழைய ஜெட்டில் இருக்கிறது. மலிவான கிட்டில் வரும் ஜெட்டில் எண் மட்டும் அழகாக இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, உள்ளே தள்ளும் தண்டை உருவிப் போட்டுவிட்டேன். மூக்கில் ஒரு துண்டு ரப்பர் டியூபை மாட்டி, அதன் மறுமுனையில் மெயின் ஜெட்டைச் செருகினேன். ஜெட்டின் வாய் எந்தப் பக்கம் என்பது முக்கியம், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில்தான் மாட்ட வேண்டும். சிரிஞ்சை ஜன்னல் கம்பியில் செங்குத்தாகக் கட்டி, விரலால் ஜெட்டை மூடிக்கொண்டு 50 கோடு வரை தண்ணீர் ஊற்றி, விரலை எடுத்ததும் போனில் ஸ்டாப்வாட்ச். 10 கோட்டுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். பழைய ஜெட்டை இப்படித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். கிட்டில் வந்த அதே எண் ஜெட்டைப் போட்டபோது தண்ணீர் கண்ணுக்கே தெரியும்படி வேகமாக இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணமும் தெரிந்தது: துளையின் விளிம்பில் பிசிறு, பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்த துளை. அந்த ஜெட்டுகளைக் கவரில் போட்டு மூடிவிட்டுப் பழசையே கழுவி மாட்டினேன்.

பழைய ஜெட் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால்? அதற்குத்தான் புதுப்பேட்டை. தனித்தனியாக ஜெட் தேடி அலைவதைவிட, ஓடாத கார்புரேட்டர் ஒன்றை முழுசாக வாங்குவதுதான் லாபம். பேரம் பேசுவதற்கு முன் அதைக் கையில் எடுத்து நான்கைந்து இடங்களைப் பார்த்துவிடுங்கள். த்ராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டான த்ராட்டில் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஜெட்டுகளின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் யாரோ முன்பே உள்ளே போய் விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேல்மூடியின் விளிம்பு வளைந்திருக்கிறதா, பெட்ரோல் பைப் மாட்டும் இடத்தில் மரை உயிரோடு இருக்கிறதா, ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி எவ்வளவு படிந்திருக்கிறது, எல்லாவற்றையும் பாருங்கள். கொஞ்சம் வெள்ளைப் பொடி பரவாயில்லை. சுவரில் குழி விழுந்திருந்தால் வேண்டாம். வெளிப்புற அழுக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புப் படலம் இருந்தால் உள்ளே யாரும் கைவைக்கவில்லை என்று நான் சந்தோஷப்படுவேன். பளபளவென்று பெயின்ட் அடித்து 'ரீகண்டிஷன்' என்று விற்பதைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது ரப்பர். இங்கேதான் காசை எண்ணாமல் செலவழிக்க வேண்டும். இந்த வண்டி பிறந்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, இப்போது எங்கும் அதுதான். பழைய ரகச் சாதாரண ரப்பர் அதில் ஊறினால் சில உப்பும், சில விறைத்து வெடிக்கும். ஹோஸுக்குள்ளிருந்து கறுப்புத் துகள் உதிர்ந்து நேராக ஜெட்டில் போய் உட்காரும். கடையில் "இ20க்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டால், "இதெல்லாம் கம்பெனி அயிட்டம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்பார். அவர் மேல் தப்பில்லை, பெட்டியில் எழுதாததை அவர் எப்படிச் சொல்வார்?

எனவே நாமே ஊறவைத்துப் பார்க்க வேண்டியதுதான். கிட்டில் வந்த பம்ப் டயாப்ரத்தை ஒரு வெள்ளைத்தாளில் வைத்துக் கூர்மையான பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். ஸ்க்ரூ ஓட்டைகளையும் விடவில்லை. அப்புறம் மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் பங்க் பெட்ரோல் ஊற்றி, அதில் டயாப்ரத்தையும் நீடில் வால்வையும் போட்டு, மொட்டை மாடியில் நிழலான மூலையில் ஓர் இரவு வைத்தேன். காலையில் எடுத்துக் கோட்டின் மேல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல டயாப்ரம் கோட்டுக்குள்ளேயே உட்காரும். மட்டமான சரக்கு கோட்டைத் தாண்டி விரிந்திருக்கும், ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி மடிந்திருக்கும். அதை மாட்டினால் முதல் வாரம் பிக்கப் பிரமாதமாக இருக்கும், அப்புறம் திரும்பவும் திணறல். ஊறிய பெட்ரோலின் நிறத்தையும் பாருங்கள். தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் ரப்பரிலிருந்து ஏதோ கரைந்து வந்திருக்கிறது.

நீடில் வால்வில் 'விட்டான்' (Viton) நுனி உள்ளது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். எத்தனாலுக்கு அசராத ரப்பர் அது. முழு உலோக நுனி கெட்டுப்போகாது, ஆனால் ஒரு தூசி மாட்டினாலும் ஓவர்ஃப்ளோ ஆகும். பெட்ரோல் ஹோஸுக்கு 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்டதைக் கேளுங்கள், உட்புறப் பூச்சு எத்தனாலைத் தாங்கும் ரகம். தண்ணீர் டியூபையோ, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் டியூபையோ வெட்டி மாட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அது நெருப்பை வரவேற்கும் வேலை. ஹோஸ் கிளிப்பும் மரை அறுத்த பட்டை ரகமாக இல்லாமல் ஓரம் வழவழப்பானதாக இருந்தால் ஹோஸ் அறுபடாது.

பேக்கிங் விஷயத்தில் கிட்டில் வந்ததை அப்படியே மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேல்மூடி பேக்கிங்கில் ஸ்க்ரூ ஓட்டைகளைத் தவிரச் சின்னச் சின்ன வழிகளுக்கும் துளை இருக்கும். பழைய பேக்கிங்கின் மேல் புதியதை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், துளையிட மறந்த இடம் உடனே தெரியும். அந்த ஒரு துளை இல்லாவிட்டால் வண்டி ஸ்லோவில் நிற்காது, நீங்கள் ஜெட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பேக்கிங் ஷீட் வாங்கி நாமே வெட்டிக்கொள்வதும் சிரமமில்லை. அரை மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். ஆனால் மெக்கானிக்குகள் செய்வதுபோல உடம்பின் விளிம்பிலேயே வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டாதீர்கள். கார்புரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு, விளிம்பு சுலபமாக மழுங்கும். பழைய பேக்கிங்கை அச்சாக வைத்து வரைந்து, கத்தரியாலும் ஓட்டை பஞ்சாலும் வெட்டுவது மேல். சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து, துண்டு துண்டாக உள்ளே போகும்.

மேல்மூடியும் அடித்தட்டும் வளைந்திருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்கியவர்களின் கைங்கரியம் அது. கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வைத்து ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அதே கண்ணாடியில் 400 நம்பர் எமரி ஷீட்டை ஒட்டி, எட்டு போடுவதுபோல மெதுவாகத் தேய்த்தால் போதும். கார்புரேட்டருக்கும், கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்கலைட் கட்டையையும் கவனியுங்கள். அது எஞ்சின் சூட்டைத் தடுப்பதற்காக இருப்பது. நம் ஊர் மே மாதத்தில் அது இல்லாமல் ஓட்டினால் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துவிடும். மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் இழுக்கும்.

டூல்ஸ் என்று வந்தால், பெரிய செட் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது: ஸ்க்ரூ டிரைவர். ஜெட்டின் பள்ளத்தை அகலத்திலும் தடிமனிலும் முழுசாக நிரப்பும் டிரைவர்தான் வேண்டும். கடையில் கிடைப்பவற்றின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருப்பதால் பள்ளத்தின் மேல் ஓரத்தை மட்டும்தான் பிடிக்கும், கொஞ்சம் அழுத்தினால் பித்தளை உரிந்துவிடும். தபாரியா டிரைவர் ஒன்றை வாங்கி, நுனியை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, இரண்டு முகமும் இணையாக வரும்படி செய்துகொண்டேன். ஒவ்வொரு ஜெட்டுக்கும் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, ஆடாமல் நின்றால்தான் திருகினேன். மெயின் ஜெட் ஹோல்டருக்கு ரிங் ஸ்பேனர், கட்டிங் பிளேயரை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மாருதிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. மிகுனியில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். அளவு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஃபிலிப்ஸ் டிரைவர் அதில் வழுக்கி வெளியே வரும், தலை தேய்ந்துவிடும். ஜே.ஐ.எஸ். நுனி ஒன்று ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டால் பிற்பாடு துளையிட்டு எடுக்கும் அவஸ்தை இருக்காது.

இறுகிப்போன ஜெட்டுக்கு பலத்தைவிட வெந்நீர் உதவும். பெட்ரோலை முழுக்க வடித்து, காற்றில் நன்றாக உலரவைத்த பிறகு, உடம்பின் மேல் கொதிநீர் ஊற்றுங்கள். பித்தளையைவிடத் துத்தநாகக் கலவை சூட்டில் அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். பெட்ரோல் சாமானுக்குப் பக்கத்தில் நெருப்பைக் காட்டுவது பேச்சுக்கே இல்லை. வேலை முழுவதும் வெளிக்காற்றில், மாடியிலோ வாசலிலோ. பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணல் அருகில் இருக்கட்டும்.

கழற்றிய சாமான்களை வைக்க எங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற இட்லித் தட்டு உதவியது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு இடத்துச் சாமான், பக்கத்தில் மாஸ்கிங் டேப்பில் பெயர். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம், குறிப்பாக ஆக்சிலேட்டர் பம்ப்பின் கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பதற்கு.

கழுவுவதற்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே நல்லதுதான், ஆனால் ரப்பரும் டயாப்ரமும் கழற்றிய பிறகு மட்டும். ஒரு ஓட்டையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு ஓட்டை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் ஞாபகத்தில் புளியையோ எலுமிச்சையையோ கொண்டுவர வேண்டாம். புளிப்பு துத்தநாக உடம்பை அரித்துவிடும். அடைப்பை எடுக்க ஊசி, டிரில், கிடார் கம்பி எதையும் ஜெட்டுக்குள் விடக்கூடாது. மின்வயரை உரித்து அதிலிருக்கும் ஒற்றைச் செப்பு இழையை விடலாம், இல்லையென்றால் மீன்பிடி நரம்பு. முதலில் ஊறவைத்து, சைக்கிள் பம்ப்பால் ஊதிப் பார்த்து, அதற்கும் அசையாவிட்டால்தான் இழை. மூக்குக்கண்ணாடி கழுவும் சின்ன அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் போட்டு ஓடவிடலாம். பெட்ரோலை அதில் ஊற்றுவது தீ வைத்துக்கொள்வதற்குச் சமம்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை. சத்தம் இல்லையென்றாலும் பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கினால் பொத்தல் இருக்கும் இடத்தில் குமிழி வரும். பற்ற வைப்பதானால் உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுசாக வெளியேற்றிய பிறகுதான், இல்லையென்றால் வெடிக்கும். ஈயம் அதிகம் ஏறினால் ஃப்ளோட் கனத்து, பெட்ரோல் மட்டம் உயர்ந்துவிடும். எனக்கென்னவோ மாற்றுவதே நல்லது. மட்டத்தைச் சரிசெய்வது நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமன்தான். பழைய வாஷரை மைக்ரோமீட்டரிலோ வெர்னியரிலோ அளந்து, அதே தடிமனில் புதியதைப் போடுங்கள். கிட்டில் வந்த வாஷர் வேறு தடிமனாக இருப்பது சர்வ சாதாரணம்.

இவ்வளவும் செய்த பிறகும் எந்தக் கிட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம். கழற்றுவதற்கு முன்பே, எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஷாஃப்டின் இரு முனையிலும் எஞ்சின் ஆயில் ஒன்றிரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் இருக்கும் இடத்தில் ஸ்ப்ரே அடித்துச் சோதிப்பதைவிட இது பாதுகாப்பு. என்னுடையதில் ஆக்சிலேட்டர் கம்பி இழுக்கும் பக்கத்தில் மட்டும் நன்றாகத் தெரிந்தது. கிண்டியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"அண்ணே, ஷாஃப்டை மட்டும் கொஞ்சம் பெருசா கடைஞ்சு போட்டா போதுமா?"

அவர் ஷாஃப்டை உருவிவிட்டு, உடம்பின் ஓட்டையைச் சுண்டுவிரலால் தடவினார். "ஷாஃப்ட் அப்படியேதான் இருக்கு தம்பி. பாடிதான் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ரீமர் விட்டு வெண்கல புஷ் போட்டுத் தர்றேன். ஒரு பக்கம் மட்டும் போட்டா நேர்கோடு கிடைக்காது."

பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன், த்ராட்டிலைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகட்டை நாமே கழற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களின் மறுமுனையை அடித்து விரித்திருப்பார்கள், கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருக்க. அந்த விரிந்த பகுதியை அரத்தால் ராவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்டின் மரை போய்விடும். தகட்டின் ஓரம் சாய்வாகச் சீவியிருக்கும், எந்த முகம் மேலே என்று கீறி அடையாளம் வையுங்கள். மாட்டும்போது புது ஸ்க்ரூ, அதில் ஒரு சொட்டு லாக்டைட் பசை. முழுக்க இறுக்குவதற்கு முன் த்ராட்டிலை நான்கைந்து முறை மூடித் திறந்தால் தகடு தானே நடுவில் உட்காரும். மூடிய நிலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே சீரான மெல்லிய கோடுதான் தெரிய வேண்டும்.

டியூனிங்குக்கு எஞ்சின் முழுசாகச் சூடாக வேண்டும். மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். முட்டிய பிறகு அழுத்தினால் ஊசிமுனையில் பள்ளம் விழும். த்ராட்டில் ஸ்க்ரூவால் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, மிக்ஸரை வெளியே எடுத்தால் ஓர் இடத்தில் எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், உள்ளே விட்டால் ஓர் இடத்தில் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டம் சீராகும் இடம்தான் சரி. அப்புறம் த்ராட்டில் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை ஒரே வேகத்தில் போய்வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நிம்மதி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. இ20 இங்கேயும் மூக்கை நுழைக்கிறது. சுத்தப் பெட்ரோல் எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். இ20க்கு 13.5 கிலோ போதும். அதே அளவு காற்றுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும் என்று அர்த்தம். மெயின் ஜெட்டில் ஒரு அளவு ஏற்றினால் கூடும் பரப்பும் ஏறத்தாழ இதே விகிதம்தான். ஆனால் கணக்கு வருகிறதே என்று எல்லோரும் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. பிளக் வெள்ளையாக இருந்து, மேட்டில் இழுவையும் குறைந்தால் மட்டும் மாற்றுங்கள். அதற்கும் அந்தப் புதுப்பேட்டை கார்புரேட்டரின் ஜெட்டையே முதலில் சிரிஞ்சில் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் வண்டியை எடுக்காமல் வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், அந்த வெள்ளைப் பொடி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பம்ப்பிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, மெயின் ஜெட் ஹோல்டரைத் திறந்தால் கிண்ணம் காலியாகிவிடும். கீழே ஒரு டப்பா வைத்துப் பிடியுங்கள். திரும்ப மாட்டும்போது ஹோல்டரின் ஃபைபர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், கிட்டில் ஒன்று கூடுதலாக இருக்கும்.